நண்பர் மறைந்தபின் நம்மீதுள்ள கடன்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! மரணத்தையும் வாழ்வையும் நமக்குச் சோதனையாக அமைத்த அவ்வல்லோனையே புகழ்கின்றோம். அவனுடைய இறுதித் தூதர் நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



பெற்றோர் மரணித்தால் பிள்ளைகளுக்கு என்னென்ன கடமைகள் உண்டு என்பதை நம்மில் பெரும்பாலோர் அறிவோம். கணவர் மரணித்தால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும் என்பதும் நமக்குத் தெரியும். வாரிசுகளுக்குரிய பங்குகளைத் திருமறையே வகுத்துத் தந்திருக்கின்றது. ஆனால் நண்பர் ஒருவர் மரணித்தால்? பல்லாண்டு ஒரே பணியில் தோளோடு தோள் நின்ற ஒருவர் மரணித்தால்? நமக்கு இத்தாவும் இல்லை. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இடமும் இல்லை. மூன்று நாள் துக்கம் கேட்டுவிட்டு நான்காம் நாள் வேலைக்குத் திரும்புகின்றோம். அவர் அமர்ந்த நாற்காலியில் வேறொருவர் அமர்கின்றார். அவரைப் புகழ்ந்து நான்கு வார்த்தை பேசியதோடு நட்பின் கணக்கு முடிந்துவிட்டதாக எண்ணிக் கொள்கின்றோம். நட்பு கபுரடியில் முடிந்துவிடுகின்றதா என்பதே இந்த மாதம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

இதை நாம் வெறும் ஏட்டளவில் எழுதவில்லை. இவ்வாண்டு நம் இதழின் அன்பர் ஒருவர் அல்லாஹ்வின் அழைப்பை ஏற்றுச் சென்றுவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கணக்கு ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்ற அவர், பதினான்கு ஆண்டுகள் நமக்குப் பிழைதிருத்தித் தந்தார். அஸருக்குப் பின் வருவார். இஷாவுக்குப் பாங்கு சொல்லும்வரை இருப்பார். பெயர் வெளியிடுவதை அவர் ஒருபோதும் விரும்பியதில்லை. ஆதலின் இங்கும் குறிப்பிடவில்லை. ஒருமுறை இளைஞர் ஒருவர் எழுதிய முதற் கட்டுரையில் திருவசனத்தின் எண் தவறாயிருந்தது. அதை அலுவலகத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லாமல், குர்ஆனைக் கையிலெடுத்துக்கொண்டு அந்த இளைஞரின் வீட்டுக்கே நடந்து சென்று, இருவருமாகப் பார்த்துத் திருத்திக்கொண்டு வந்தார். இதழ்களைக் கட்டி அனுப்பும் தம்பி காய்ச்சலில் படுத்துவிட்டால், முகவரித் தாள்களை அவரே உட்கார்ந்து ஒட்டிவிடுவார்; மறுநாள் அதைப் பற்றி ஒரு சொல்லும் இராது.

இத்தகைய ஒருவர் மறைந்தபோது, அவருக்கு என்ன செய்வது என்னும் கேள்வி நம் எல்லோர் உள்ளத்திலும் எழுந்தது. இரங்கல் கூட்டம் கூட்டலாம் என்றார் ஒருவர். நினைவு மலர் வெளியிடலாம் என்றார் மற்றொருவர். அன்பினால் பிறந்த எண்ணங்களே இவை. ஆயினும் எந்த வினாவுக்கும் முதலில் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் விடை தேடுவதன்றோ முஃமினுக்கு அழகு? தம் தோழர்கள் மறைந்தபோது பெருமானார் என்ன செய்தார்கள்?

உஸ்மான் இப்னு மள்ஊன் (ரலி)

மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்த மக்கத்து முஹாஜிர்களில் அங்கு முதலில் மரணித்தவர் ஹழ்ரத் உஸ்மான் இப்னு மள்ஊன் (ரலி) அவர்கள். குறைஷியரின் ஜுமஹ் கிளையைச் சேர்ந்தவர். மிக ஆரம்ப காலத்திலேயே ஈமான் கொண்டவர். கொடுமை தாளாது அபிஸீனியாவுக்குச் சென்ற முஸ்லிம்களுள் அவரும் ஒருவர். மக்கத்தார் இஸ்லாத்தை ஏற்றுவிட்டனர் என்ற பொய்ச் செய்தியை நம்பித் திரும்பி வந்தவர், வலீத் இப்னு முகீராவின் அடைக்கலத்தில் ஊருக்குள் நுழைந்தார்.

அடைக்கலம் கிடைத்ததால் அவர்மீது எவரும் கை வைக்கவில்லை. ஆனால் தம் தோழர்கள் தெருவிலே அடிபட, தாம் மட்டும் நிம்மதியாக நடமாடுவது அவருக்கு நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. கஃபாவின் பள்ளிக்குச் சென்று, எல்லோரும் அறிய அந்த அடைக்கலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பின்னர் லபீத் என்னும் பெருங்கவிஞர் பாடிக்கொண்டிருந்த சபையில், எல்லா இன்பமும் அழியக்கூடியதே என்ற கருத்து வந்தபோது, சுவர்க்கத்தின் இன்பம் அழியாது என்று துணிந்து மறுத்தார். அதனால் எழுந்த சச்சரவில் ஒருவன் அவர் கண்ணில் அடித்தான். கண் கறுத்துப் போயிற்று. அருகிலிருந்த வலீத், என் பாதுகாப்பில் இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காதே என்றபோது, நலமாயுள்ள என் மற்றொரு கண்ணும் அல்லாஹ்வின் பாதையில் இதையே வேண்டி நிற்கின்றது என்னும் கருத்தில் பதிலிறுத்தார்.

தோழர்கள் துன்புறும்போது தாம் சுகமாயிருக்க மனம் ஒப்பாத இவரை நாயகம் (ஸல்) அவர்கள் சகோதரர் என்றே அழைத்தார்கள். இரு குடும்பத்துக்கும் இடையே நெருக்கம் இருந்தது. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் மறைவுக்குப் பின் பெருமானாரிடம் மறுமணம் பற்றிப் பேசியவர், உஸ்மான் அவர்களின் மனைவி கவ்லா பின்த் ஹகீம் (ரலி) அவர்களே.

நட்பு மிகுதியால் பெருமானார் அவரைத் திருத்தாமலும் விட்டுவிடவில்லை. இல்லறத்தைத் துறந்து வணக்கத்திலேயே மூழ்கிவிட அவர் விரும்பியபோது அதற்கு அனுமதி மறுத்தார்கள். மனைவிக்கும் விருந்தினருக்கும் சொந்த உடலுக்கும் அவர்மீது உரிமை உண்டென்று எடுத்துரைத்தார்கள். நாமோ நண்பர் உயிரோடிருக்கும்போது அவர் தவறைக் கண்டும் வாய் திறப்பதில்லை. மறைந்தபின் இல்லாத சிறப்பையும் சேர்த்துச் சொல்கின்றோம். நபிவழி இதற்கு நேர்மாறானது.

கண்ணீர் குற்றமன்று

பத்ருப் போரில் (கி.பி. 624) கலந்துகொண்ட உஸ்மான் (ரலி) அவர்கள், அதன்பின் நோயுற்று மதீனாவில் வஃபாத்தானார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வந்தார்கள். குனிந்து ஜனாஸாவை முத்தமிட்டார்கள். அவர்கள் கண்களிலிருந்து நீர் வழிந்தோடியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் இது பதிவாகியுள்ளது.

அழுவது ஈமானுக்குக் குறைவு என்று எண்ணி, நெஞ்சைக் கல்லாக்கிக் கொள்ள முயல்வோர் நம்மில் உண்டு. மார்க்கம் அவ்வாறு சொல்லவில்லை. ஓலமிடுவதையும், கன்னத்தில் அறைந்து கொள்வதையும், சட்டையைக் கிழிப்பதையும்தான் அது தடுத்தது. பின்னாளில் தம் அருமை மைந்தர் இப்ராஹீம் மரணித்தபோதும் பெருமானாரின் கண்கள் கலங்கின. கண் கலங்கும், உள்ளம் வருந்தும், ஆனால் நாவு நம் இறைவன் பொருந்திக்கொள்ளாததைச் சொல்லாது என்பதே அன்று அவர்கள் கற்றுத்தந்த பாடத்தின் சாரம்.

நாவுக்கும் ஓர் எல்லை

உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவில் தங்கியிருந்தது உம்முல் அலா (ரலி) என்னும் அன்ஸாரிப் பெண்மணியின் இல்லத்தில். நோயில் பணிவிடை செய்ததும் அக்குடும்பத்தாரே. ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கஃபனிட்ட பின், அல்லாஹ் உம்மைக் கண்ணியப்படுத்திவிட்டான் என்பதற்கு நானே சாட்சி என்று அந்த அம்மையார் உள்ளம் உருகிச் சொன்னார்கள். உடனே பெருமானார், அல்லாஹ் அவரைக் கண்ணியப்படுத்திவிட்டான் என்பது உமக்கு எவ்வாறு தெரியும் என்று வினவினார்கள். அவருக்கு நன்மையையே தாம் ஆதரவு வைப்பதாகவும், ஆனால் தம் விஷயத்தில் என்ன செய்யப்படும் என்பதைத் தாமும் சுயமாக அறியமாட்டார்கள் என்றும் விளக்கினார்கள்.

சற்றே நிதானித்துப் பாருங்கள். முத்தமிட்டு அழுத அதே தலைவர்தாம் இதையும் சொல்கின்றார்கள். பாசம் பாசமாகவே இருந்தது. ஆனால் அல்லாஹ்வின் தீர்ப்பைத் தம் வாயால் கூற அந்தப் பாசம் இடந்தரவில்லை. உம்முல் அலா அவர்கள் இதனால் வருந்தினார்கள். அன்றிரவு கனவில் உஸ்மான் அவர்களுக்கு ஓடுகின்ற நீரூற்று ஒன்று இருக்கக் கண்டு, அதைப் பெருமானாரிடம் கூறியபோது, அது அவருடைய அமல் என்று விளக்கம் தந்தார்கள். புகாரி ஷரீபில் இவ்வரலாறு உள்ளது.

நம் நண்பருக்கான துஆ மஜ்லிஸில் அன்பர் ஒருவர், இவர் சுவர்க்கவாசி என்பதில் ஐயமே இல்லை என்று பேசினார். முதிய ஹழ்ரத் ஒருவர் அவர் தோளில் கை வைத்து, அவ்வாறு சொல்லாதீர்கள் தம்பி, சுவர்க்கத்தைக் கொடு என்று கேளுங்கள் என்றார். இவ்விரண்டு சொற்களுக்கும் இடையே எவ்வளவு தூரம்! முன்னது நண்பருக்கு ஒன்றும் தராது. பின்னது அவருக்காக அல்லாஹ்வின் வாசலைத் தட்டுகின்றது.

இதனால் மறைந்தவரின் நற்குணங்களைப் பேசவே கூடாதென்று கொள்ள வேண்டாம். ஒரு ஜனாஸா கடந்து சென்றபோது மக்கள் அதை நல்லவிதமாகப் புகழ, பெருமானார் அதை ஏற்று, நீங்கள் பூமியில் அல்லாஹ்வின் சாட்சிகள் என்னும் கருத்துப்படக் கூறினார்கள். நாம் கண்ட நன்மைக்குச் சாட்சி சொல்லலாம். காணாத தீர்ப்புக்குச் சாட்சி சொல்லலாகாது.

தம் கையால் சுமந்த கல்

உஸ்மான் (ரலி) அவர்களை ஜன்னத்துல் பகீஃ மையவாடியில் அடக்கினார்கள். அடக்கம் முடிந்ததும் ஒரு கல்லைக் கொண்டுவருமாறு ஒருவரிடம் பெருமானார் கூறினார்கள். அவரால் அதைத் தூக்க முடியவில்லை. உடனே நாயகம் (ஸல்) அவர்களே எழுந்து சென்று, முழங்கைக்கு மேல் சட்டையைச் சுருட்டிக்கொண்டு, அக்கல்லைத் தூக்கி வந்து தலைமாட்டில் வைத்தார்கள். இதனால் என் சகோதரரின் கபுரை அடையாளம் கண்டுகொள்வேன். என் குடும்பத்தில் மரணிப்போரை இவர் அருகே அடக்குவேன் என்னும் பொருளில் இயம்பினார்கள். அபூதாவூத் நூல் இதைக் கூறுகின்றது.

பளிங்கு மாளிகையோ கவிதை பொறித்த பலகையோ அங்கு எழவில்லை. ஒரு சாதாரணக் கல், அதைச் சுமந்த இரு கரங்கள், மறக்கமாட்டேன் என்னும் உறுதி, இவையே இருந்தன. நண்பருக்குச் செய்ய வேண்டியதை மற்றவரிடம் ஏவிவிட்டு நிற்காமல், தம் கையாலேயே பெருமானார் செய்தார்கள். அப்படியானால் இன்று நம் கைகள் சுமக்க வேண்டிய கல் எது?

இரண்டு தீனார்கள்

முதலாவது, கடன். ஹழ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி முஸ்னத் அஹ்மதில் உள்ளது. ஒருவருடைய ஜனாஸாவைத் தொழவைக்க நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்தார்கள். அவருக்குக் கடன் உண்டா என்று கேட்டார்கள். இரண்டு தீனார் உண்டு என்றதும் பின்வாங்கிவிட்டார்கள். அந்த இரண்டு தீனாரும் என் பொறுப்பு என்று அபூ கதாதா (ரலி) அவர்கள் முன்வந்த பின்னரே தொழவைத்தார்கள். அதோடு விட்டார்களா? பின்னரும் அந்த இரண்டு தீனார் என்னவாயிற்று என்று விசாரித்தார்கள். கொடுத்துவிட்டேன் என்று அபூ கதாதா கூறியதும்தான், இப்போதே அவர் மேனி குளிர்ந்தது என்னும் கருத்தில் பெருமானார் மொழிந்தார்கள். பொறுப்பேற்பதாகச் சொன்ன வேளையில் அன்று, கொடுத்து முடித்த பின்னரே அந்தச் சொல் வந்தது என்பதை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். பிற்காலத்தில் வசதி ஏற்பட்டபோது, கடன் வைத்து மரணிக்கும் முஃமினின் கடனைத் தாமே ஏற்பதாகவும் அறிவித்தார்கள்.

ஷஹீதுக்கும் கடனைத் தவிர மற்றவை மன்னிக்கப்படுகின்றன என்று முஸ்லிம் ஷரீபில் வந்துள்ளது. ஆகவேதான் அடக்கச் செலவுக்கு அடுத்தபடியாகக் கடனையும், அதன்பின் மூன்றிலொரு பங்குக்குள் அமைந்த வஸிய்யத்தையும் நிறைவேற்றி, எஞ்சியதையே வாரிசுகள் பங்கிட வேண்டும் என ஷரீஅத் வகுத்துள்ளது. மனைவிக்குக் கொடுக்காமல் நிலுவையில் விட்ட மஹரும் கடனே என்பதைப் பலர் நினைப்பதே இல்லை!

நம் நண்பரின் ஜனாஸாத் தொழுகைக்கு முன் அவர் மகன் எழுந்து நின்று, வாப்பாவுக்கு யாரேனும் கடன் கொடுத்திருந்தால் என்னிடம் சொல்லுங்கள் என்று அறிவித்தார். நான்காம் நாள் மளிகைக் கடைக்காரர் தயங்கித் தயங்கி வந்தார். பாக்கி 6,400 ரூபாய். பக்கத்து வீட்டார் ஒருவர் கைமாற்றாகக் கொடுத்தது 15,000 ரூபாய்; உறவுக்காரப் பிள்ளை ஒன்றின் வைத்தியத்துக்கென அவர் வாங்கிக் கொடுத்தது அது. மகனோ சொற்ப வருமானமுள்ளவர். அதே வேளையில் நினைவு மலருக்கென்று அன்பர்கள் சேர்த்திருந்த 22,000 ரூபாய் நம்மிடம் இருந்தது.

முன்சொன்ன ஹழ்ரத் அவர்கள்தாம் இரண்டு தீனார் ஹதீஸை எடுத்துச் சொன்னார்கள். பிறகு பேச்சுக்கு இடமில்லை. ஒரு காரியத்துக்கெனக் கொடுத்த பணத்தை வேறொன்றில் செலவிடலாகாதென்பதால், கொடுத்தவர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டுச் சம்மதம் பெற்றோம். மகன்தான் ஒப்பவில்லை. வாப்பாவின் கடன் என் பொறுப்பல்லவா என்றார். அபூ கதாதா வாரிசாக வந்து நிற்கவில்லை தம்பி, தோழராக வந்து நின்றார்கள் என்று ஹழ்ரத் சொன்னபோது அவர் தலைகுனிந்து அழுதுவிட்டார். இரு கடனும் அன்றே தீர்ந்தன. மீதி 600 ரூபாய் மதரஸாப் பிள்ளைகளின் எழுதுபலகைகளுக்குச் சென்றது. மலர் வெளிவரவில்லை, அதைப் பற்றி எவருக்கும் வருத்தமும் இல்லை.

ஜஃபரின் வீடு

இரண்டாவது, குடும்பம். ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு (கி.பி. 629) மூஃத்தா போரில் ஹழ்ரத் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அவர் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுங்கள், அவர்களை ஈடுபடுத்திவிட்ட துயரம் வந்துள்ளது என்னும் பொருளில் பெருமானார் கட்டளையிட்டார்கள். பின்னர் ஜஃபரின் சிறுவர்களை அழைத்து, நாவிதரை வரவழைத்து முடி களையச் செய்தார்கள். பிள்ளைகளின் எதிர்காலம் பற்றித் தாயார் கவலையை வெளியிட்டபோது, இம்மையிலும் மறுமையிலும் அவர்களுக்குத் தாமே பொறுப்பாளர் என்று ஆறுதல் அளித்தார்கள்.

நம் ஊர்களில் நடப்பதென்ன? துக்க வீட்டுக்கு நாம் உணவு கொண்டுபோவதற்குப் பதில், துக்க வீட்டார் நமக்குச் சமைத்துப் போடுகின்றார்கள். இன்ன நாளுக்கு இன்ன விருந்து என்று ஊர் எதிர்பார்க்க, விதவைத் தாய் கடன் வாங்குகின்றாள். வாரிசுகளில் பருவமடையாத எத்தீம்கள் இருந்தால் அவர்களுடைய பங்கிலிருந்து இதற்குச் செலவிட எவருக்கும் உரிமை இல்லை. எத்தீமின் பொருளை அநியாயமாக உண்போர் வயிற்றில் நெருப்பையே நிரப்புகின்றார்கள் எனத் திருமறை எச்சரிக்கின்றதே! உண்மை நண்பர் அவ்வீட்டில் இலை போட்டு உட்காரமாட்டார். இத்தா முடியும்வரை அந்த வீட்டுக்கு அரிசி பருப்பு இருக்கின்றதா, ஓய்வூதியத்துக்கு மனு எழுதியாயிற்றா, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்டியாயிற்றா என்று, பர்தாவின் ஒழுங்கைப் பேணி, தம் வீட்டுப் பெண்கள் வாயிலாகவோ மறைந்தவரின் ஆண் பிள்ளைகள் வாயிலாகவோ விசாரிப்பார். ஜஃபரின் பிள்ளைகளுக்கு முடி களைய ஏற்பாடு செய்தது அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் அன்றோ? இவ்வளவு சிறிய காரியத்தை நாம் எப்படிப் பார்ப்பது என்று சொல்ல நமக்கு என்ன தகுதி உண்டு?

அவர் நேசித்தவர்கள்

மூன்றாவது, மறைந்தவர் நேசித்த மனிதர்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வஃபாத்தாகிப் பல்லாண்டுகள் சென்ற பின்னரும், பெருமானார் ஆடு அறுத்தால் அதைத் துண்டுகளாக்கிக் கதீஜாவின் தோழியருக்கு அனுப்பி வைப்பார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கின்றார்கள். மறைந்தவரின் கை நின்றுவிட்டாலும் அந்தக் கையிலிருந்து சென்றுகொண்டிருந்த அன்பு நிற்கவில்லை. நம் நண்பர் யாரைப் பரிவோடு பார்த்தார்? எந்த ஏழை உறவினருக்கு மாதந்தோறும் கொடுத்தார்? எந்தப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தந்தார்? அந்த வாசல்களில் அவருக்குப் பின் யார் போய் நிற்கின்றார்கள் என்று பார்ப்பதும் நட்பின் உரிமையே.

என்றும் நிலைக்கும் அன்பளிப்பு

இவையெல்லாம் செய்ய வசதியற்ற ஏழை நண்பர் என்ன செய்வார்? அவரிடமே மிகப்பெரிய செல்வம் இருக்கின்றது. அதுதான் துஆ. அடக்கம் முடிந்ததும் பெருமானார் கபுரருகே நின்று, உங்கள் சகோதரருக்காகப் பிழைபொறுக்கத் தேடுங்கள், அவர் உறுதியாயிருக்க வேண்டுங்கள், இப்போது அவர் விசாரிக்கப்படுகின்றார் என்னும் கருத்தில் கூறுவார்கள். மண்ணைத் தள்ளியதும் கையைக் கழுவிக்கொண்டு உலகப் பேச்சில் இறங்கிவிடும் நாம், அந்த நேரத்தில் அவருக்கு நம் துஆ எவ்வளவு தேவை என்பதை எண்ணுகின்றோமா?

பின்வந்த முஃமின்கள், ஈமானில் தம்மை முந்திச் சென்ற சகோதரர்களுக்காகவும் மன்னிப்பு வேண்டுவார்கள் என்று ஸூரத்துல் ஹஷ்ர் அவர்களுக்கு அடையாளம் காட்டுகின்றது. உடன்பிறந்தாருக்கு மட்டுமன்று, ஈமானால் சகோதரரான அனைவருக்கும் உரிய துஆ இது. ஐவேளைத் தொழுகைக்குப் பின் ஒரு பெயரைச் சேர்த்துக்கொள்ள ஒரு நிமிடமும் ஆகாது. ஒரு முஸ்லிம் தன் சகோதரனுக்காக அவன் அறியாத நிலையில் துஆச் செய்தால், உனக்கும் அதுபோன்றதே என்று மலக்கு கூறுவதாகவும் ஹதீஸ் உண்டு.

அன்பர்களே! உங்களோடு பணியாற்றி மறைந்த ஒருவர் ஒவ்வொருவர் நினைவிலும் இருப்பார். இன்றே மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் கடன் தீர்ந்ததா? அவர் வீட்டுக் கதவை நாம் கடைசியாகத் தட்டியது எப்போது? அவர் பெயர் நம் துஆவில் இருக்கின்றதா? உயிரோடிருக்கும் நண்பர்களையும் இதே கண்ணோடு பாருங்கள். அவருக்கு நாம் செலுத்த வேண்டியது, அவர் நமக்கு மன்னிக்க வேண்டியது, இரண்டையும் இன்று முடித்துக்கொள்வது எளிது. நாளை நாளாகவே இராது.

யா அல்லாஹ்! எங்களை முந்திச் சென்ற நண்பர்களையும், உடன் உழைத்தவர்களையும் மன்னித்தருள்வாயாக! அவர்களுடைய கபுர்களை விசாலமாக்கி ஒளிமயமாக்குவாயாக! அவர்கள் விட்டுச் சென்ற பிள்ளைகளுக்கு நீயே பொறுப்பாளன் ஆவாயாக! அவர்கள்மீதுள்ள கடன்களைத் தீர்க்கும் கரங்களாக எங்கள் கரங்களை ஆக்குவாயாக! எங்கள் முறை வரும்போது எங்களுக்காகவும் கையேந்தும் நல்ல தோழர்களை எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!